டார்கெட் கடைக்கு அடியில் ஒரு மைதானம்

நாங்கள் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவுக்கு வந்தது 2009 ஆகஸ்டில். கணவருக்கு மாநில அரசுத் துறை ஒன்றில் கணினி வேலை. எனக்கு எச்4 விசா. அப்போதெல்லாம் அந்த விசாவில் வந்தவர்கள் வேலைக்குப் போக முடியாது. லேண்ட் பார்க் பக்கம் சின்னதாக ஒரு வாடகை வீடு. இருந்த ஒரே காரைக் காலையில் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நடந்து போகிற தூரத்துக்குள் இருந்தவைதான் எனக்கு ஊர் என்று ஆனது. ஒரு பூங்கா, ஒரு நூலகம், பிராட்வேயும் ரிவர்சைடும் சந்திக்கிற மூலையில் ஒரு டார்கெட் கடை.

ஒருநாள் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு டயாபர் வாங்கித் திரும்பும்போது எதிர் வீட்டுப் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரோடு 'ஹலோ' தவிர வேறு பேசியதில்லை. "கடைக்கா போனீர்கள்? டயாபர் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். புரியாமல் கையால் திசையைக் காட்டினேன். கண்ணை மூடி ஒரு கணக்குப் போட்டார். "அப்படியென்றால் லெஃப்ட் ஃபீல்டு. அங்கே விழுந்த பந்தை நான் ஒருமுறை பிடித்திருக்கிறேன்" என்றார்.

அந்தக் கடை நிற்கிற இடத்தில் எட்மண்ட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் இருந்தது. 1964-இல் இடித்துவிட்டார்கள். அதை நினைவுபடுத்தும் பலகை ஒன்று அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், நின்று படித்ததில்லை. மறுநாள் போய்ப் படித்தேன். அன்றைக்குப் பிடித்த ஆர்வம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக விடவில்லை. இந்த ஊரின் மைனர் லீக் பேஸ்பால் கதையை நான் எப்படித் தேடினேன், எங்கே தவறினேன், என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். புது ஊரில் ஒட்டாமல் தவிக்கிற யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆனது. தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகள் மேஜர் லீக். அவற்றுக்குக் கீழே படிப்படியாகப் பல லீக்குகள். மேல்படி டிரிபிள்-ஏ. இன்றைய ஏற்பாட்டில் டிரிபிள்-ஏ அணியின் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு மேஜர் லீக் அணியின் ஆட்கள். சம்பளம் கொடுப்பதும், யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்வதும் அந்தப் பெரிய அணிதான். உள்ளூர் முதலாளிக்கு மைதானம், டிக்கெட், தின்பண்டக் கடை, விளம்பரம். அதனால் நாம் கைதட்டி வளர்த்த பையன் ஜூன் மாதத்தில் ஒருநாள் காலையில் காணாமல் போவான். பெரிய அணி இருக்கிற சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அழைப்பு வந்திருக்கும்.

முன்னாளில் இப்படி இல்லை. 1903-இல் பசிபிக் கோஸ்ட் லீக் தொடங்கியபோது இருந்த ஆறு ஊர்களில் சாக்ரமெண்டோவும் ஒன்று. மற்றவை லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லண்ட், போர்ட்லண்ட், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில். அன்று மேஜர் லீக் அணி எதுவும் செயின்ட் லூயிஸுக்கு மேற்கே கிடையாது. ரயிலில் நாட்கணக்காகப் போக வேண்டிய தூரம். ஆகவே மேற்குக் கடற்கரைக்கு இந்த லீக்தான் பெரிய லீக். குளிர் குறைந்த ஊர்கள் என்பதால் வசந்தத்தில் தொடங்கிக் கிட்டத்தட்ட தீபாவளிக் காலம்வரை, ஒரு பருவத்துக்கு 200 ஆட்டங்கள் அளவுக்குக்கூட ஆடினார்கள். நல்ல பையன்களைக் கண்டுபிடித்து வளர்த்து, கிழக்கே உள்ள பெரிய அணிகளுக்கு விற்று வருகிற பணம் அணிகளின் பெரிய வருமானம்.

சாக்ரமெண்டோ கலிஃபோர்னியாவின் தலைநகரம், சட்டமன்றம் இருக்கிற ஊர். அதனால் அணிக்குப் பெயரும் பழைய ஏதென்ஸின் சட்டம் வகுத்த சோலனிடமிருந்து வந்தது: சோலன்ஸ். ஆனால் நான் முதன்முதலில் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களில் தேடியபோது 'சோலன்ஸ்' என்று போட்டால் பாதிதான் வந்தது. தலைப்பு எழுதுகிறவர்கள் இடத்துக்குத் தகுந்தபடி 'செனட்டர்ஸ்' என்பார்கள், 'சாக்ஸ்' என்பார்கள். மைதானத்தின் கதை இன்னும் சிக்கல். ஒரே மூலைக்கு நாலைந்து பெயர். 1922-இல் கட்டியபோது அணியின் உரிமையாளர் குடும்பப் பெயரால் மோரிங் ஃபீல்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற மேஜர் லீக் அணி 1930-களின் நடுவில் அணியை வாங்கியதும் கார்டினல் ஃபீல்டு. பிறகு கொஞ்ச நாள் டபுள்டே பார்க். 1945-இல் எட்மண்ட்ஸ் ஃபீல்டு. இதற்கு மேல், பிராட்வே என்று இன்று நாம் சொல்கிற தெருவுக்கே அன்று பெயர் 'ஒய் தெரு'. 'பிராட்வே' என்று தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் மூன்று வாரம் வீணானது. ஒரு நூலகர் அம்மா பழைய வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகே கதவு திறந்தது.

ஆகவே என் முதல் அனுபவப் பாடம் இது. எந்த ஊரின் பழைய கதையைத் தேடினாலும் முதலில் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். தெருவின் பழைய பெயர், இடத்தின் பழைய பெயர், செய்தித்தாள் சுருக்கி எழுதிய பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்ற குறிப்பு. அதை முடித்த பிறகு தேடலில் இறங்கினால் மாதங்கள் மிச்சம். சாக்ரமெண்டோவில் இருப்பவர்கள் ஐ தெருவில் உள்ள மத்திய நூலகத்தின் 'சாக்ரமெண்டோ அறை'க்குப் போங்கள். உள்ளூர் வரலாற்றுக்கென்றே இருக்கிற அறை அது. கலிஃபோர்னியாவின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் காசு வாங்காமல் படிக்கத் தருகிற எண்மத் தொகுப்பு ஒன்றும் உண்டு. தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாக்ரமெண்டோ யூனியன் பக்கங்களை நான் படித்தது அதில்தான்.

எட்மண்ட்ஸ் யார் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. பெரிய ஆட்டக்காரராக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை, டிக் எட்மண்ட்ஸ் ஒரு பத்திரிகையாளர், யூனியன் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். போர்க்காலத்தில் கார்டினல்ஸ் இந்த அணியைக் கைகழுவ முடிவு செய்தபோது, ஊரை விட்டு அணி போய்விடும் என்ற நிலை. அப்போது ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி அணியை இங்கேயே நிறுத்திவைக்க முன்னால் நின்றவர் அவர். சீக்கிரமே இறந்தும் போனார். ஒரு பந்து அடிக்காத, ஒரு பந்து வீசாத மனிதர் பெயரை மைதானத்துக்கு வைத்த ஊர் இது என்று தெரிந்தபோது எனக்கு இந்த ஊர்மேல் ஒரு மரியாதை வந்தது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் பேஸ்பாலைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜூலையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வ சாதாரணம். மதிய ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? உரிமையாளர் லூ மோரிங் மின்விளக்குக் கம்பங்களை நட்டார். 1930 ஜூன் 10 அன்று ஓக்லண்டுக்கு எதிராக இங்கே நடந்ததுதான் பசிபிக் கோஸ்ட் லீக்கின் முதல் இரவு ஆட்டம். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் 1935-இல்தான் நடந்தது. வேலை முடிந்த தொழிலாளி, சாப்பாடு முடித்துக் குழந்தைகளோடு வருகிற குடும்பம் என்று கூட்டமே மாறியது. மாலையானால் ஆறுகள் கூடும் டெல்டா பக்கமிருந்து இங்கே ஒரு காற்று வீசும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த விளக்குக் கம்பங்களின் அருமை புரியும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1932-இல், கென்சோ நுஷிடா என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) சோலன்ஸ் சேர்த்துக்கொண்டது. ஹவாயில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர், ஆள் மிகக் குள்ளம். இந்த லீக்கில் ஆடிய முதல் ஜப்பானிய அமெரிக்கர் அவர். சாக்ரமெண்டோவில் அன்று பெரிய ஜப்பானியக் குடியிருப்பு இருந்தது. அந்த மக்கள் திரண்டு மைதானத்துக்கு வந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் ஓக்லண்ட் அணி லீ கம் ஹாங் என்ற சீன அமெரிக்கப் பிட்சரைக் களமிறக்கி, இருவரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. டிக்கெட் விற்பதற்கான உத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மக்கள் தங்கள் முகமுள்ள ஒருவரை அந்த மேட்டில் நின்று பந்து வீசப் பார்த்தார்கள் அல்லவா? புதிதாகக் குடிவந்த எனக்கு, அந்தச் செய்தியைப் படித்த மதியம் இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்து 1942. சோலன்ஸின் வரலாற்றிலேயே லீக் பட்டத்தை முதலிடத்தில் முடித்து வென்ற ஒரே ஆண்டு. மேலாளர் பெப்பர் மார்ட்டின். இடக்கைப் பிட்சர் டோனி ஃப்ரெய்டஸ் 24 ஆட்டங்களை வென்றார். வாழ்நாளில் மைனர் லீக்குகளில் 342 வெற்றிகள். இடக்கைக்காரர்களில் அதற்கு மேல் யாரும் இல்லை. பருவத்தின் கடைசி நாளில் லாஸ் ஏஞ்சலஸுக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டையும் வென்று, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பட்டம். ஊர் கொண்டாடியதைப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் படித்தேன்.

அதே பத்திரிகைகளில் அதே ஆண்டு மே மாதப் பக்கங்களையும் படித்தேன். ஜப்பானோடு நடந்த போரைக் காரணம் காட்டி, ஜப்பானிய அமெரிக்கர்களை வீட்டைவிட்டு வெளியேற்றி, நகருக்கு வடக்கே வலேர்கா என்ற இடத்தில் அவசரமாகக் கட்டிய கொட்டகைகளில் அடைத்தார்கள். ஜூனில் பலரை அங்கிருந்து ஒரேகான் எல்லைக்கு அருகே டூலி லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். பத்து ஆண்டுக்கு முன்பு நுஷிடாவைப் பார்க்க மோரிங் ஃபீல்டுக்கு வந்த குடும்பங்களில் எத்தனையோ பேர், தங்கள் ஊர் அணி பட்டம் வென்ற அன்று முள்கம்பிக்குள் இருந்திருப்பார்கள். டூலி லேக்கிலும் அவர்கள் பேஸ்பால் ஆடினார்கள், தாங்களே மைதானம் சமன் செய்து. அணியின் வெற்றிக் கதையை மட்டும் எழுதுகிற கட்டுரைகளில் இது வருவதில்லை. விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கும்போது அதே நாளின் முதல் பக்கத்தையும் படிக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்ட வழக்கம் இதனால் வந்தது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

எதிர் வீட்டுப் பெரியவர் இந்தத் தேடலில் எனக்கு ஆசிரியர். 1948 ஜூலையில் எட்மண்ட்ஸ் ஃபீல்டின் மரக்கட்டை இருக்கைகள் தீயில் எரிந்துபோனபோது அவருக்கு எட்டு வயது. மறுநாள் அப்பாவோடு போய்ப் பார்த்ததாகவும், நனைந்த கரி நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்ததாகவும் சொல்வார். சோலன்ஸ் அந்தப் பருவத்தின் மீதியை வெளியூர்களிலேயே ஆடித் தீர்த்தது. 1949-இல் கான்கிரீட்டில் புது அரங்கு எழும்பியது.

அந்தத் தீ நடந்த ஆண்டில்தான் ஜோ கார்டன் அடித்த பந்தைத் தான் பிடித்தேன் என்று அவர் சொல்லி வந்தார். நான் அதை அப்படியே குறித்து வைத்திருந்தேன். பிறகு சரிபார்த்தால், 1948-இல் ஜோ கார்டன் கிளீவ்லண்டில் உலகத் தொடர் வென்ற அணியில் இருந்தார். சாக்ரமெண்டோவுக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் அவர் வந்தது 1951-இல். அந்த ஆண்டு 43 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார். எனக்கு இதை எப்படிச் சொல்வது என்று தயக்கம். கடைசியில் 1951 பத்திரிகைப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். "அப்படியென்றால் எனக்குப் பதினொரு வயது. அப்பா அப்போது வேலை இல்லாமல் இருந்தார். அதனால்தான் அத்தனை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்" என்றார். ஆண்டு திருத்தப்பட்டதும் அவருக்கு அப்பாவைப் பற்றி வேறொரு நினைவு வந்தது. பெரியவர்களிடம் கதை கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: அவர்கள் சொல்கிற ஆண்டை நம்பாதீர்கள், வாசனையையும் வெயிலையும் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதையும் நம்புங்கள். ஆண்டைச் சரிபார்த்து அவர்களிடமே திரும்பக் கொண்டுபோங்கள். குறை கண்டுபிடிக்க வந்ததாக நினைக்க மாட்டார்கள், இன்னும் சொல்வார்கள்.

என்னுடைய பிழை ஒன்று. 2012 கோடையில் குழந்தைகளுக்கான வாசிப்பு நிகழ்ச்சி ஒன்றுக்காக இந்த அணியைப் பற்றி ஒரு பக்கத் தாள் தயாரித்தேன். "சோலன்ஸ் 1903 முதல் 1976 வரை சாக்ரமெண்டோவில் ஆடியது" என்று எழுதியிருந்தேன். எழுபது பிரதி எடுத்துக் கொடுத்த பிறகு, ஒரு பாட்டி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அம்மா, நடுவில் எங்களுக்கு ஒன்றுமே இல்லாத வருடங்கள் உண்டு. அதை விட்டுவிட்டீர்களே." அவர் சொன்னது சரி. 1904-இல் அணி டகோமாவுக்குப் போனது, அடுத்த ஆண்டு நடுவில் திரும்பி, அந்தப் பருவத்தோடு மறுபடி போய்விட்டது. 1909-இல் மறுபடி லீக்கில் சேர்ந்து, 1914-இல் பருவத்தின் பாதியில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1918-இல் மீண்டும் வந்து, 1960 வரை இருந்தது. அதன் பிறகு ஹவாய்க்குப் போய்விட்டது. 1974-இல் வந்தது பெயர் மட்டும் பழையதான வேறொரு அணி. ஒரே பெயரை வைத்து இரண்டு அணியை ஒன்றாக்கிவிட்டேன். தாளைத் திருத்தி, வந்த குடும்பங்களுக்கு மறுபடி அனுப்பினேன். அன்றிலிருந்து எந்த அணியைப் பற்றி எழுதினாலும் முதலில் அது இல்லாத ஆண்டுகளைக் குறிக்கிறேன்.

ஏன் போனது என்பது எளிதாகப் புரிகிற கதை. 1958-இல் மேஜர் லீக் அணிகளான ஜயண்ட்ஸ் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கும், டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும் வந்தன. இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஜயண்ட்ஸின் நட்சத்திரம் வில்லி மேஸைப் பார்க்கலாம் என்றால் சோலன்ஸுக்கு எத்தனை பேர் வருவார்கள்? மூன்றே பருவத்தில் முடிந்தது. கடல் தாண்டிப் போன அணி ஹவாய் ஐலண்டர்ஸ் ஆனது. பெரியவர் அப்போது இருபது வயது இளைஞர். "அணி போனதுகூடப் பரவாயில்லை, மைதானம் நாலு வருடம் சும்மா நின்றது, அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனதுதான் கஷ்டம்" என்பார்.

1974-இல் வந்த இரண்டாவது சோலன்ஸ் ஆடியது, கல்லூரி ஒன்றின் அமெரிக்கக் கால்பந்து அரங்கான ஹியூஸ் ஸ்டேடியத்தில். நீளவாட்டத்தில் கட்டிய அரங்கில் பேஸ்பாலைத் திணித்ததால் இடது எல்லை 233 அடியில் வந்து நின்றது. வழக்கமான மைதானத்தில் அது 325 அடிக்குக் குறையாது. உயரமாக வலை கட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. அந்த ஒரு பருவத்தில் சோலன்ஸ் மட்டும் 305 ஹோம் ரன் அடித்தது. பில் மக்நல்டி என்பவர் 55, கோர்மன் தாமஸ் 51. அப்படியும் அணி வென்றதைவிடத் தோற்றது அதிகம், ஏனென்றால் வந்த அணிகளும் அதே வலைக்கு மேல்தான் அடித்தன. 1976-க்குப் பிறகு அதுவும் சான் ஹோசேவுக்குப் போனது. பிறகு இருபது ஆண்டுக்கும் மேல் ஒன்றுமில்லை.

இன்றைய அணியான ரிவர் கேட்ஸ் வந்தது 2000-இல். ஆர்ட் சாவேஜ் என்பவர் தலைமையில் வான்கூவர் அணியை வாங்கி, ஆற்றுக்கு அக்கரையில் மேற்கு சாக்ரமெண்டோவில் ராலி ஃபீல்டைக் கட்டினார்கள். கட்டுமானம் தாமதமாகி, அணி வெளியூர்களில் ஆடிக்கொண்டே காத்திருந்து, மே 15 அன்றுதான் வீட்டு மைதானத்தில் இறங்கியது. டவர் பாலமும் நகரத்தின் கட்டடங்களும் மைதானத்துக்குப் பின்னால் தெரியும். ஆரம்ப ஆண்டுகளில் மைனர் லீக்கிலேயே அதிகக் கூட்டம் கூடிய இடமாக இருந்தது. 2007, 2008, 2019 ஆண்டுகளில் டிரிபிள்-ஏ அளவில் தேசியப் பட்டமும் வென்றது. 2014 வரை ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் துணை அணி. 2015 முதல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் துணை அணி. 2022-இல் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேயின் கூடைப்பந்து நிறுவனம் இதை வாங்கியது.

நாங்கள் முதலில் போனது 2010-இல். அன்று எனக்கு விதி ஒன்றும் தெரியாது. பெரியவர் ஒரு பென்சிலையும் ஸ்கோர் அட்டையையும் கையில் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் நிற்கிற இடத்துக்கு எண் (பேஸ் என்பது ஓடுகிறவர் தொட வேண்டிய மூலை): பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேரை வெளியேற்றினால் '6-4-3'. மூன்று எண்ணில் ஒரு காட்சி. இரண்டு ஆட்டம் இப்படி எழுதினேன், பேஸ்பால் பிடிபட்டுவிட்டது. பேஸ்பால் மெதுவாக இருக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்று சொல்கிற நம்மவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: பென்சிலோடு போங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இன்னும் சில. மாலை ஆட்டமே எடுங்கள். ஆறரை ஏழு மணிக்கும் வெயில் காயும், அதனால் மூன்றாம் பேஸ் பக்கம் உட்காருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் போகும், நிழல் சீக்கிரம் வரும். சின்னக் குழந்தைகளுக்கு இருக்கையைவிட வலது ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள புல்மேடு நல்லது. ஒரு ஜமுக்காளம் போதும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும் வேண்டும். டெல்டா காற்று வந்துவிட்டால் எட்டாவது இன்னிங்ஸில், அதாவது ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், குழந்தை நடுங்கும். ஒருமணி நேரம் முன்னதாகப் போனால் பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், பையன்கள் வேலியோரம் வந்து கையெழுத்துப் போடுவார்கள். இன்ன ஆட்டக்காரரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2019 மே மாதம் என் மகள் மைக் யஸ்ட்ரெம்ஸ்கியைப் பார்க்கத் துடித்தாள். கிட்டத்தட்ட ஆறு ஆண்டு மைனர் லீக்குகளிலேயே கிடந்தவர், பெரும் ஆட்டக்காரரான கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் பேரன். நாங்கள் டிக்கெட் எடுத்த ஆட்டத்துக்கு முன் ஜயண்ட்ஸ் அழைத்துக்கொண்டது. அவள் அழுதாள். அவருக்கு இருபத்தெட்டு வயதில் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். அவள் இன்றும் அவர் ஆட்டத்தைத் தவறவிடுவதில்லை.

இந்தப் பையன்களின் சம்பளத்தைப் பற்றி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே இருக்கிற டிரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கு 2022-இல்கூட ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலர் என்றுதான் இருந்தது. ஒரு வீட்டில் நாலைந்து பேர் காற்று மெத்தையில் படுத்துக்கொண்டு ஆடினார்கள். 2022-இல் தங்குமிடம் தருவது அணிகளின் பொறுப்பானது. அதே ஆண்டு மைனர் லீக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் அந்தத் தொகை 35,800 டாலராக உயர்ந்தது. புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் யாருடைய முதுகில் நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் சொல்வேன். 2020-இல் பெருந்தொற்றால் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. அதன் பிறகு மேஜர் லீக் தன் துணை அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. சாக்ரமெண்டோ தப்பியது. எத்தனையோ சின்ன ஊர்கள் தப்பவில்லை.

2025-இல் ஓக்லண்டை விட்டு வந்த அத்லெடிக்ஸ், லாஸ் வேகாஸில் மைதானம் தயாராகும்வரை இங்கே தங்க வந்தது. மார்ச் 31 முதல் ஆட்டம். சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று தோற்றார்கள். பெயரில் ஊர் இல்லை, வெறும் 'அத்லெடிக்ஸ்'. சட்டைக் கையில் டவர் பாலத்தின் படம் உண்டு. இரண்டு அணி ஆடினால் தரை தாங்காது என்று செயற்கைப் புல் போடத் திட்டமிட்டு, கோடை வெயிலில் அது கொதிக்கும் என்பதால் இயற்கைப் புல்லையே வைத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு லூ மோரிங்கின் விளக்குக் கம்பங்கள் நினைவுக்கு வந்தன. நண்பர்கள் எல்லாரும் மேஜர் லீக் டிக்கெட் தேடுகிறார்கள். நாங்களும் ஒருமுறை போனோம், நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் காலண்டரில் வட்டம் போடுவது ரிவர் கேட்ஸ் தேதிகளுக்குத்தான். விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று தேதியோடு தெரிகிறது. ரிவர் கேட்ஸ் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். இந்த ஊரில் அது சின்ன எண் அல்ல.

பெரியவருக்கு இப்போது நடக்க முடிவதில்லை. கடைசியாக அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போன ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸ்வரை எழுதினார். கை நடுங்கி எண்கள் கட்டத்துக்கு வெளியே போயின. பிறகு பென்சிலை என் மகளிடம் கொடுத்தார். ஏழாவதிலிருந்து அவள் கையெழுத்து. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓர் இரட்டை வெளியேற்றம் வந்தபோது அவள் ஆட்டத்தைப் பார்த்தபடியே '5-4-3' என்று குறித்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூன்றாம் பேஸ்தானே எடுத்தான்? சரி" என்றார்.